ஸ்டென்சில் எழுத்தில் அந்த வெட்டு எதற்கு?

கேள்வி, 2023 ஜூன் 4, காலை

மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கண்காட்சி ஸ்டால் டிசைன் செய்கிறேன். தடித்த எழுத்து, வட்டமும் சதுரமுமாக, ஸ்டென்சில் (தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டி, மேலே பெயிண்ட் அடிப்பார்களே, அது) மாதிரி வேண்டுமாம். "எதிர்காலத் தொழிற்சாலைக்குள் நுழைகிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். இதற்கென்று தனியாக ஃபாண்ட் வாங்க வேண்டுமா? ஃப்யூச்சுரா என்கிற ஜியோமெட்ரிக் ஃபாண்டின் தடித்த வடிவமான போல்டை எடுத்து நடுவில் வெள்ளைக் கோடு இழுத்தால் ஸ்டென்சில் ஆகிவிடாதா? அந்த வெட்டெல்லாம் வெறும் ஸ்டைல்தானே?

ஜூன் 4, இரவு 10.40

ஆகாது. கோடு இழுத்த ஃப்யூச்சுராதான் கிடைக்கும்.

ஒரு அட்டையில் ஆங்கில ஓவை வரைந்து பிளேடால் வெட்டிப் பாருங்கள். நடு வட்டமும் சேர்ந்து கையோடு வந்துவிடும், மிஞ்சுவது ஒரு ஓட்டை. நடுவட்டம் நிற்க வேண்டுமானால், அதற்கும் வெளி அட்டைக்கும் நடுவே ஏதாவது ஒரு இடத்தில் வெட்டாமல் விட வேண்டும். எங்கள் பட்டறையில் "ஜாயிண்ட் விடு" என்போம். எழுத்து வரைகிறவர்கள் பாலம் என்பார்கள். நீங்கள் ஸ்டைல் என்று சொல்வது அந்தப் பாலத்தை. அது எழுத்தின் உள்துண்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தாங்குகிற வேலை இல்லாத இடத்தில் வெட்டு போட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும், பொய்த்தூண் மாதிரி.

ஜூன் 5, காலை 7.15

நேற்று சுருக்கமாக எழுதிவிட்டேன். ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி.

போன வருஷம் ஒரு பட்டறையின் கேட்டுக்குப் பெயர்ப்பலகை. 3 எம்எம் எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஷீட்டில் எழுத்தைத் துளையாக வெட்டி, பின்னால் எல்இடி வைக்க வேண்டும். எழுத்து உயரம் 200 எம்எம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தடித்த ஜியோமெட்ரிக் ஸ்டென்சில் ஃபாண்டை எடுத்தேன். திரையில் அவ்வளவு அழகு. பாலங்கள் மயிரிழை மாதிரி இருந்தன, அதுதான் எனக்குப் பிடித்ததே. அளந்து பார்த்திருந்தால் 2 எம்எம் கூட இல்லை.

லேசர் ஓடும்போதே ஓவின் நடுத்துண்டு சூட்டில் மேலே நிமிர்ந்துவிட்டது. தட்டி நேராக்கினோம். பவுடர் கோட்டிங் போய்த் திரும்பி வந்தபோது ஆர் எழுத்தின் உள்துண்டைக் காணவில்லை. வழியில் எங்கேயோ பாலம் ஒடிந்து விழுந்திருக்கிறது. புதிதாக ஒன்று வெட்டி, பின்பக்கம் பட்டை கொடுத்து, அங்கங்கே பொட்டு வைக்கிற டாக் வெல்டிங் வைத்தோம். இரவில் விளக்கு எரியும்போது அந்தப் பட்டையின் நிழல் எழுத்துக்குள் கறுப்பாகத் தெரியும். அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த ஆருக்குத்தான் போகிறது.

அதிலிருந்து என் கணக்கு: பாலத்தின் அகலம் ஷீட்டின் கனத்துக்குக் குறையவே கூடாது. வெளியில் நிற்கிற வேலை என்றால் அதில் இரண்டு பங்கு. ஃபாண்டில் அப்படி இல்லையென்றால் கோரல் டிரா மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து திருத்த வேண்டும். அப்படித் திருத்தினால் எழுத்தின் முகமே மாறிவிடும். அதனால்தான் பாலத்தை முதலிலேயே யோசித்து வரைந்த ஃபாண்டாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

ஜூன் 9, மாலை

முதல் குறிப்பில் நான் சொன்னதில் பாதி தவறு. நான்கு நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

"தாங்காத இடத்தில் வெட்டு போட்டால் பொய்" என்றேன். அப்படியானால் ஃப்யூச்சுரா பிளாக்கை என்ன சொல்வது? ஃப்யூச்சுராவை வரைந்த அதே பால் ரென்னர், அது வந்த 1927க்கு இரண்டு வருஷம் கழித்து 1929இல் அதைக் கொண்டுவந்தார். பெயர்தான் ஃப்யூச்சுரா. பக்கத்தில் வைத்தால் உறவே தெரியாது. தடித்த கட்டைகள், நடுவே வெட்டு, முழுக்க ஸ்டென்சில் தோற்றம். ஆனால் அது ஈயத்தில் வார்த்த அச்செழுத்து. ஈய எழுத்தில் எந்த உள்துண்டும் விழப்போவதில்லை, தாங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. 1930இல் மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்ட பிரகடோச்சியோ, 1931இல் யான் ட்ஷிகோல்ட் ஆம்ஸ்டர்டாம் வார்ப்பகத்துக்கு வரைந்த டிரான்சிட்டோ, எல்லாமே இந்த வகைதான். யாரும் தகட்டில் வெட்டுவதற்காகச் செய்யவில்லை.

அவற்றைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃப்யூச்சுரா பிளாக்கில் ஒரு வரி அடித்துத் தள்ளி நின்று பாருங்கள். வெட்டு எழுத்துக்குள் எதையும் உடைக்கவில்லை. எழுத்தே இரண்டு மூன்று கட்டைகளாகப் பிறந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்ன "ஸ்டைல்தானே" என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் கோடு இழுப்பது வேறு, கட்டையாகக் கட்டுவது வேறு. அதை விளக்க ஆல்பர்ஸிடம் போக வேண்டும். நாளைக்கு.

ஜூன் 10, இரவு

யோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1920இல் மாணவராகச் சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு, அதற்கு முன் பள்ளி ஆசிரியர். பள்ளி அப்போது இருந்த வைமார் ஊரில் வண்ணம் வாங்கக் காசில்லாமல், ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில், கண்ணாடித் துண்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பையில் அள்ளி வந்து கம்பி வைத்துச் சேர்த்துப் படம் செய்தவர். பிறகு அங்கே கண்ணாடிப் பட்டறையையே பார்த்துக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எழுத்து வரைந்ததும் கண்ணாடி வேலைக்காரர் கையோடுதான். துண்டு, நடுவில் ஒரு பிரிகோடு, அடுத்த துண்டு. பௌஹவுஸ் டெஸாவுக்கு இடம் மாறிய காலத்தில், 1925, 26 வாக்கில், அவர் செய்த ஸ்டென்சில் எழுத்தில் மொத்தம் மூன்றே உருவங்கள்: சதுரம், அதைக் குறுக்கே வெட்டிய முக்கோணம், கால்வட்டம். எல்லா எழுத்தையும் இந்த மூன்றை அடுக்கித்தான் கட்ட வேண்டும். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளிதான் தகட்டில் வெட்டும்போது பாலம். தாங்குவதற்காகத் தனியாக எதையும் செருகவில்லை, கட்டும்போது தானாக வந்து விழுந்தது.

இதைத்தான் நான் முதல் குறிப்பில் சொல்லத் தெரியாமல் விழுந்தடித்துச் சொன்னேன். பாலம் எங்கே வரும் என்று எழுத்து முடிந்த பிறகு யோசிக்கக் கூடாது. எழுத்தைக் கட்டுகிற முறையிலேயே அது இருக்க வேண்டும்.

ஒரு கால்வட்டத் துண்டைக் கையால் வெட்டி மேஜையில் வைத்துப் பாருங்கள், நான் இன்று மதியம் செய்தேன். கறுப்பு சார்ட் அட்டை, 4 சென்டிமீட்டர் பக்கம். நான்கு கால்வட்டத்தின் நேர்விளிம்புகளைச் சேர்த்து வைத்தால் முழுவட்டம். அதில் நடுவில் ஓட்டையே கிடையாது, ஆனாலும் குறுக்காக ஓடுகிற இடைவெளியால் கண் அதை ஓ என்றுதான் படிக்கிறது. உள்துண்டு விழுமா விழாதா என்கிற பிரச்சனையே எழவில்லை, ஏனென்றால் உள்துண்டே இல்லை! இரண்டு மணிநேரம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடுக்கிக்கொண்டிருந்தேன். என் பெண் வந்து இரண்டு துண்டை நகர்த்திவிட்டு "இப்ப மீனு" என்றாள். உண்மையிலேயே மீன் மாதிரிதான் இருந்தது.

பிறகு ஆல்பர்ஸ் இதையே இன்னும் கறாராக்கினார். சதுரம், கால்வட்டம், வட்டம். இவற்றைச் சேர்த்துப் பத்து உருப்படி. அதை வைத்து எழுத்து, எண், குறி எல்லாம் கட்டலாம். ஒளி புகாத கண்ணாடியில் அந்தத் துண்டுகளை ஜெர்மனியின் ஆஃபன்பர்க் ஊரில் ஒரு நிறுவனம் தயாரித்தது. அந்தத் தொகுப்பு ஒன்று இன்றும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டு, அவரும் மனைவி அன்னியும் அமெரிக்கா போய்விட்டார்கள்.

எல்லாம் படிக்க எளிது என்று சொல்லமாட்டேன். சின்ன எழுத்துகளில் சிலது சொல்லோடு சேர்ந்தால்தான் புரியும். நூறு வருஷத்துக்கு முந்தைய வேலை அது. இன்று "எதிர்காலம்" என்று விற்கிற ஃபாண்டுகளில் பாதி இந்த மூன்று துண்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 11

"ராணுவப் பெட்டியில் இருக்குமே, அந்த ஸ்டென்சில் எழுத்து பழசா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நினைக்கிற, செரிஃப் (கோட்டு முனையில் சின்னப் பாதம்) வைத்த, மூலை உருண்ட எழுத்து 1937இல் அச்சுக்காகச் செய்தது. அதே வருஷம், ஒரு மாத இடைவெளியில், இரண்டு பேர் ஸ்டென்சில் என்ற ஒரே பெயரில் எழுத்து வெளியிட்டார்கள்: லட்லோ என்ற அச்செழுத்து நிறுவனத்துக்கு ராபர்ட் ஹண்டர் மிடில்டன், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்கு ஜெரி பவல். பவல் செய்ததில் பெரிய எழுத்து மட்டும்தான். கம்ப்யூட்டரில் ஸ்டென்சில் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த வழிதான். சரக்குப் பெட்டி வாடை வேண்டுமென்றால் அது சரி. உங்கள் ஸ்டாலுக்கு ஒத்துவராது.

ஜூன் 18, ஞாயிறு

ஒரு வாரமாக வேறு பக்கம் போய்விட்டேன், ஆனால் விஷயம் இங்கேதான் வந்து சேர்கிறது. பாலம் இல்லாமல் உள்துண்டை நிறுத்த முடியாதா?

முடியும். ஜப்பானில் துணிக்கு வண்ணம் போட வெட்டுகிற காகித ஸ்டென்சில் இருக்கிறது, கதகாமி. காகிதத்தைப் பெர்சிம்மன் காயின் சாறு தடவிக் கெட்டியாக்கி வெட்டுவார்கள். தனியாக நிற்கிற துண்டுகளை மெல்லிய பட்டு நூலால் பிடித்துக் கட்டுவார்கள். நூல் அவ்வளவு மெலிசு, வண்ணம் அதன் அடியிலும் பரவிவிடும், தடம் தெரியாது. அந்த நூலை முழு வலையாக்கிவிட்டால் அதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீனில் ஓவின் நடு ஏன் விழுவதில்லை? பின்னால் வலை இருக்கிறது, அதனால்.

அப்பா ஆபீஸில் டைப்பிஸ்ட். சைக்ளோஸ்டைல் என்கிற பழைய பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு ஸ்டென்சில் வெட்டுவார். மெழுகு பூசிய அந்த நீல ஷீட்டில் நாடாவை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். "ஓவை மட்டும் ஓங்கி அடிக்காதே, நடு பிஞ்சு வந்துடும்" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வாராம். பிய்ந்தால் பிரதி முழுக்க ஓ எல்லாம் கறுப்புப் பொட்டாக வரும். தப்பாக அடித்த இடத்தில் தடவும் சிவப்புத் திரவத்தின் வாசனை அவர் சட்டையில் இருக்கும். இதே உள்துண்டுப் பிரச்சனையோடு அவர் இருபது வருஷம் விரலால் பழகியிருக்கிறார். எனக்கு இந்த வாரம்தான் அது உறைத்தது.

ஆக, வலை வந்த அன்றைக்கே பாலத்துக்கு அச்சில் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகும் எழுத்து வரைகிறவர்கள் அதை விடவில்லை. ஏன்? இயந்திரம், சரக்கு, பட்டறை என்ற நினைவை ஒரு வெட்டு நொடியில் கொண்டுவருகிறது. இதை நான் முன்பு இவ்வளவு மதிக்கவில்லை. ஜூன் 9 குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 25

வெட்டே இல்லாமலும் தகட்டில் வெட்ட முடிகிற எழுத்து ஒன்று எல்லோருக்கும் தெரியும். நாசாவின் அந்தச் சிவப்பு "புழு" எழுத்து, 1975இல் டேன் அண்ட் பிளாக்பர்ன் செய்தது. இரண்டு ஏவிலும் குறுக்குக்கோடு கிடையாது. என், எஸ் இரண்டும் ஏற்கெனவே திறந்த எழுத்துகள். நான்கு எழுத்தையும் தகட்டில் வெட்டினால் ஒரு துண்டும் விழாது. 1992இல் கைவிட்டு 2020இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எதிர்காலத் தோற்றத்துக்கு வெட்டு ஒரு வழி, திறப்பு இன்னொரு வழி. ஸ்டால் பெயரில் ஏ நிறைய இருந்தால் இதை யோசியுங்கள்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் ஸ்டாலின் அளவு அனுப்பியிருக்கிறார். சுவரில் சன்போர்டு (லேசான நுரை அட்டை) எழுத்துகளை வெட்டி ஒட்டப் போகிறார்களாம், 600 எம்எம் உயரம். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்!

இங்கே கணக்கு தலைகீழ். தகட்டில் எழுத்து ஓட்டை, அதனால் பாலம் தாங்கும். எழுத்தையே பொருளாக வெட்டினால் பாலம் இருந்த இடம் வெறும் காற்று. ஓ இரண்டு அரைநிலவாகக் கையில் வரும், எட்டு நான்கு துண்டாக வரும். பதினோரு எழுத்துப் பெயருக்கு இருபத்தேழு துண்டு என்று எண்ணினேன். ஒவ்வொன்றையும் சுவரில் சரியான இடைவெளியில் ஒட்ட வேண்டும். ஒரு அரைநிலவு 3 எம்எம் நகர்ந்தால் கூட கண்ணில் குத்தும். ஒன்றுக்கு ஒன்று அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, அதன்மேல் துண்டை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். துண்டின் முதுகில் எண் எழுதிவையுங்கள். கால்வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டால் கட்டும்போது எது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஃபாண்டின் இடைவெளியையும் பாருங்கள். 600 எம்எம் உயரத்துக்கு மயிரிழை வெட்டு தூரத்தில் மறைந்துபோகும். நான் எழுத்தின் தண்டு, அதாவது தடித்த கோடு, அதன் அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையவிடுவதில்லை. அதே ஃபாண்டை விசிட்டிங் கார்டில் சின்னதாகப் போட்டால் வெட்டு மூடிக்கொள்ளும். அங்கே சாதாரண எழுத்தைப் போட்டுவிடுங்கள்.

ஜூலை 3

எண்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வகை ஃபாண்டில் எட்டும் பியும், பூஜ்யமும் ஓவும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி. ஒரு கோடவுனுக்கு "பி 8" என்று வரிசை எண் எழுதிக் கொடுத்தேன், இருபது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 88. பியின் முதுகை நேர்க்கோடாக, மூலை கூராக மாற்றிய பிறகுதான் சரியானது.

சரக்குத் துறையில் இதை வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். கப்பல் கண்டெய்னரில் முதலில் நான்கு எழுத்து, பிறகு ஆறு எண், கடைசியில் சரிபார்க்கும் எண் ஒன்று. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது கட்டாயம். நம் ரயில்வே வேகனில் பதினோரு இடமும் எண்தான், ஓவுக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டு கேஸ் சிலிண்டரையும் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் அடித்திருக்கும். அடுத்த சோதனை எப்போது என்பது அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி அடுத்த மூன்று மாதம், இப்படி டி வரை, எண் வருஷம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பதில் டி. மேலும் கீழும் பாலம் விட்ட டி. ஆனால் பெயிண்ட் தகட்டுக்கு அடியில் கசிந்து கீழ்ப் பாலம் முக்கால்வாசி மூடியிருக்கிறது. மேல்பாலம் மட்டும் சுத்தமாக, வெள்ளை விளிம்போடு. அவசரத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து இழுத்திருக்கிறார்கள். செங்குத்தாக, கொஞ்சமாகத் தொட்டு, ஒற்றி எடுக்க வேண்டும்.

ஜூலை 16

தமிழில் உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அரிசி மூட்டையிலும் லாரிப் பலகையிலும் தகடு வெட்டி அடித்த தமிழ் எழுத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெயிண்டர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டுவார்கள், வளையும், கிழியாது. ஆனால் பாலத்தை அவர்கள் கண் போன இடத்தில் விடுகிறார்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே முறையில் யோசித்து, தடித்து, ஜியோமெட்ரிக்காகக் கட்டுவதுதான் எனக்கு வேண்டியது. இரண்டு வாரமாக அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

நல்ல செய்தி முதலில். ப, ட, ய, ர நான்கிலும் மூடிய இடம் இல்லை. "டப்பா" என்று வெட்டினால் ஒரு துண்டும் விழாது, ஒரு பாலமும் வேண்டாம். டப்பாமேல் அடிப்பதற்கென்றே பிறந்த சொல்! புள்ளி இன்னும் சுகம், ஒரு துளை போட்டால் முடிந்தது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டார்கள் என்பார்கள். தகட்டில் எல்லாவற்றையும்விட எளிது புள்ளிதான்.

சிக்கல் சுழி. க, த, ச மூன்றுக்கும் இடது கீழ் வயிறு மூடியது. வ, ல, ம, ன எல்லாவற்றிலும் சுழி. நாம்தான் எழுத்துக்குப் பெயரே ரெண்டுசுழி, மூணுசுழி என்று வைத்திருக்கிறோமே. ஆங்கிலத்தில் இருபத்தாறில் ஏழு பெரிய எழுத்துகளுக்குத்தான் பாலம் வேண்டும். இங்கே சுழி இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆல்பர்ஸ் வழி இங்கே உதவுகிறது. சுழியை ஓட்டை உள்ள வளையமாக நினைக்காமல், ஒரு முழுவட்டத் துண்டாக வைத்துப் பார்த்தேன். வ என்றால் இடப்பக்கம் நிறைந்த வட்டம், இடைவெளி, வலப்பக்கம் கட்டை. உள்துண்டு இல்லாததால் விழுவதற்கு ஒன்றும் இல்லை. தடித்த எழுத்தில் சுழி எப்படியும் அடைத்துக்கொள்ளத்தான் போகிறது, அதையே உருவமாக்கிவிடலாம். ல, வ, ன மூன்றும் இப்படி நன்றாக வந்தன.

ஜூலை 17

திருத்தம். ன வரவில்லை. இன்று காலை தூக்கக் கலக்கத்தில் பார்த்தபோது "ள" என்று படித்தேன். வளைவு போதாது.

ஜூலை 30

கண்காட்சி முடிந்தது. படம் வந்திருக்கிறது. வாங்கிய ஃபாண்டில்தான் செய்தார்கள், இடைவெளியை மட்டும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டு விளக்கில் ஒவ்வொரு துண்டின் நிழலும் அடுத்த துண்டுமேல் விழுந்து, வெட்டு கருங்கோடாகத் தெரிகிறது. இது யாரும் யோசிக்காமல் கிடைத்தது, அடுத்த வேலையில் நான் வேண்டுமென்றே செய்வேன். கடைசி எழுத்தின் கீழ்க் கால்வட்டம் திரும்பி ஒட்டியிருக்கிறது. எண் போடச் சொன்னேனே.

ஆகஸ்ட் 6

ண வெட்டிவிட்டேன். 3 எம்எம் ஷீட், எழுத்து உயரம் 150, இடைவெளி எல்லா இடத்திலும் 6 எம்எம். சுழி ஒரு முழுவட்டம், அடுத்து மூன்று கட்டை, மேலே கால்வட்டங்கள் தோள் மாதிரி. ன இதில் ஒரு கட்டை குறைவு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பமே இல்லை. லேசர் முடிந்து தகட்டைத் தூக்கினேன், ஒன்றும் நிமிரவில்லை. சுவரில் வைத்துக் கறுப்பு அடித்தேன். பெண் வந்து பார்த்தாள், இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. "மூணுசுழி" என்றாள்.

ழ பாக்கி இருக்கிறது. அதன் கால் தகட்டின் ஓரம் வரை போகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வரைந்தவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள்.